எலதெத்த முதல் பேராதனை வரை: அரிய செய்திகள் கைமாறிய வரலாறு

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருந்தெருவில், மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்துள்ள கெலிஓயா, கடைவீதியும் புகையிரத நிலையமும் பள்ளிவாசலும் கொண்ட ஒரு சிறு நகரம். அரசர்களின் வரலாற்றிலோ போர்களின் வரலாற்றிலோ இதற்குத் தனி இடம் கிடைத்ததில்லை. ஆயினும், வரலாறு, இயற்கை, தொழில், அன்றாட வாழ்வின் விந்தைகள் ஆகியவற்றைப் பற்றிய சிறு செய்திகளை ஒருவர் கண்டு குறித்து, இன்னொருவருக்கு அனுப்பி, மூன்றாமவர் அதற்கு விளக்கம் சேர்க்கும் வழக்கத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் இந்நகரின் சுற்றயலைத் தவிர்த்துவிட்டுச் செல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்து லண்டனுக்குப் போன செய்திகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி நகரில் அச்சேறிய இரு ஏடுகளும், இருபதாம் நூற்றாண்டில் பேராதனையில் உருவான ஒரு பெரும் நூற்பட்டியலும் ஒரே தொழிலின் மூன்று கட்டங்கள். அத்தொழிலில் செய்தியைப் போலவே, அது யாரிடமிருந்து எவ்வழியாக வந்தது என்ற விவரமும் பேணப்பட வேண்டியது. அந்த விவரம் பேணப்பட்ட இடங்களில் அறிவு வளர்ந்திருக்கிறது, பேணப்படாத இடங்களில் அதைத் தந்தவர்களின் பெயர்கள் அழிந்துபோயிருக்கின்றன.

இவ்வழக்கத்திற்கு ஐரோப்பாவில் முறையான வடிவம் கொடுத்தது, 1660 இல் லண்டனில் தொடங்கப்பெற்ற றோயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகம். கடல் கடந்து செல்லும் மாலுமிகள், வணிகர்கள், கம்பனி அலுவலர்கள் ஆகியோரிடம் வினாப்பட்டியல்களைக் கொடுத்து விடைகளைத் திரட்டுவது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் 1665 இல் தொடங்கிய அறிவியல் இதழில், ஒரு நாட்டின் காற்று, நீர், மண், பயிர், மக்கள் ஆகியவற்றைப் பற்றி என்னென்ன கேட்கவேண்டும் என்று றொபேட் பொயில் வகுத்த தலைப்புகள் அடுத்த ஆண்டே வெளியாயின. பத்தாவியாவிலிருந்த ஓர் அலுவலருக்கு அனுப்பப்பட்ட வினாக்களுள், தோண்டியெடுத்த இடத்திலேயே மூன்று நான்கு ஆண்டுகளில் வைரம் மீண்டும் விளையுமா என்பதும் ஒன்று; விளைவதில்லை என்ற விடை வந்தது. இத்தகைய கேள்வியைக் கேட்டவர்களின் அறியாமையை இன்று சுட்டுவது எளிது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்ததும், வந்த மறுப்பைக் கேள்வியோடு சேர்த்தே அச்சிட்டதும் அக்காலத்தின் பெரிய முன்னேற்றங்கள். செவிவழிச் செய்தி சோதனைக்கு உட்படும் செய்தியாக மாறியது அந்த ஒழுங்கினால்தான்.

இந்த ஒழுங்கு கண்டி இராச்சியத்தைத் தொட்டது ஒரு சிறைப்பிடிப்பின் வழியாக. ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சேதமுற்று, பாய்மரத்தைச் செப்பனிடுவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியபோது, அதன் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் கப்பலாட்கள் சிலரும் 1660 ஏப்பிரலில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு உள்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை மறு ஆண்டு காய்ச்சலால் இறந்தார். மகனோ இருளடைந்த சிறையில் அடைக்கப்படாமல், ஊர்களில் தங்கவைக்கப்பட்டு, தொப்பி பின்னியும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் ஊரூராகச் சிறுபொருள் விற்றும் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தார். அவர் தமக்கெனக் காணி வாங்கி வீடு கட்டிய இடம், கண்டி நகருக்குத் தெற்கே பத்து மைல் தொலைவில் உடுநுவரப் பிரிவிலிருந்த எலதெத்த. இன்று கெலிஓயாவை அடுத்துள்ள ஊர்களுள் ஒன்று. அக்காணிக்கு அவர் கொடுத்த விலை இருபத்தைந்து லாரின். வெள்ளிக் கம்பியை மடித்துச் செய்யப்பட்டு, இந்துமாக்கடல் வணிகத்தில் பரவலாகப் புழங்கிய நாணயமே லாரின். ஆங்கிலத் தோழர் ஒருவருக்குப் பிறந்த லூசியா என்னும் சிறுமியை அங்கேயே வளர்த்து, தம் உடைமைகளையும் அவளுக்கே விட்டுச்சென்றார். 1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் ஸ்டீவன் றட்லண்ட் என்ற தோழருடன் வணிகப் பயணம் என்ற போர்வையில் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரக் காடுகள் வழியே நடந்து, ஒக்டோபர் 18 இல் மன்னாருக்குத் தெற்கேயிருந்த அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல், சாகசக் கதையாக வாசிக்கப்படுவதைக் காட்டிலும் சிறு செய்திகளின் களஞ்சியமாக வாசிக்கப்படுவதே பொருந்தும். அதில் எறும்பு வகைகள் தனித்தனியே பிரித்துச் சொல்லப்படுகின்றன. மழைக்காட்டு அட்டைகளும், எருமைகளைக் கொண்டு சூடடிக்கும் முறையும், கொதிக்கும் எண்ணெயில் கைவைத்துச் சத்தியம் செய்யும் வழக்கும் இடம்பெறுகின்றன. தாளிப்பனையின் ஒரே ஓலை பதினைந்து இருபது பேருக்கு மழை மறைப்பாகும் என்பதையும், உலர்ந்த ஓலை விசிறிபோல மடிந்து கையடக்கமாகிவிடும் என்பதையும், படைவீரர் அதையே கூடாரமாகச் சுமந்து சென்றனர் என்பதையும் அவர் விவரிக்கும் பகுதி, ஒரு மரத்தின் பயனை இவ்வளவு நிறைவாகச் சொன்ன பழைய குறிப்புகளுள் முதல் வரிசையில் நிற்பது. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது, நேரம் அளக்கும் முறையைப் பற்றிய குறிப்பு: அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த மட்பானையில் மிதக்கவிட்டு, அது நிரம்பி அமிழும் பொழுதை ஓர் அலகாகக் கொண்டு, பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது என்று கணக்கிட்டனர். தமிழகத்தின் அரண்மனைகளிலும் கோயில்களிலும் நாழிகை வட்டில் என்று வழங்கிய கருவியும் இதுவே. ஓர் அலகு இருபத்துநான்கு நிமிடம். கண்டி மலைநாட்டிற்கும் தென்னிந்தியாவிற்கும் இடையே காலக்கணக்கு ஒன்றாக இருந்ததற்கு, இரு நாடுகளையும் ஒப்பிடும் நோக்கம் எதுவுமில்லாத ஒரு சிறைக்கைதியின் குறிப்பு சான்றாகிறது. திட்டமிட்ட ஆராய்ச்சி கேட்க மறந்த வினாவிற்குப் போகிறபோக்கில் எழுதப்பட்ட குறிப்பு விடை தருவதுதான் இவ்வகை எழுத்தின் தனி மதிப்பு.

இந்நூல் அச்சேறியதில் றோயல் சொசைட்டியின் றொபேட் ஹூக்கிற்குப் பெரும் பங்குண்டு. நுண்ணோக்கியில் கண்டவற்றை வரைந்து வெளியிட்டுப் புகழ்பெற்ற அவரே நூலுக்கு முன்னுரை எழுதினார். கடலோடிகளுக்கும் பயணிகளுக்கும் எவற்றை நோக்கவேண்டும், எவ்வாறு பதியவேண்டும் என்ற அறிவுறுத்தல்களைக் கொடுத்து, அவர்கள் கொண்டுவருவதைத் திரட்டிப் பேண ஏற்பாடு செய்யவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். இருவரும் லண்டன் கோப்பிக்கடைகளில் சந்தித்துப் பேசும் வழக்கம் நூல் வெளியான பிறகும் தொடர்ந்தது. அச்சந்திப்புகளின் விளைவுகளுள் ஒன்று, 1689 டிசம்பரில் ஹூக் கழகத்தில் வாசித்த, கஞ்சாச் செடியைப் பற்றிய உரை. தேங்கிய நீரைக் குடித்து நோயுற்றபோது, உலர்ந்த கஞ்சா இலையைப் பொடித்துக் கருப்பட்டியோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்பதை மாற்று மருந்தாகக் கொண்டதாக நொக்ஸ் ஏற்கெனவே தம் நூலில் எழுதியிருந்தார். அச்செய்தி விதையோடும் நேரடி விவரத்தோடும் கழகத்தின் கூட்ட அறையை எட்டியபோது, மேலைநாட்டு அறிவியல் அவையொன்றில் அச்செடியின் விளைவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிகழ்ந்த மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்றாக அமைந்தது. நூலும் 1689 இல் ஜெர்மனிலும், 1692 இல் டச்சிலும், 1693 இல் பிரெஞ்சிலும் மொழிபெயர்க்கப்பட்டது. டானியல் டெஃபோ 1720 இல் எழுதிய ஒரு நாவலினுள் நொக்ஸின் கதையைச் சுருக்கி அப்படியே சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு தூரம் பயணம் செய்த செய்திகளை நொக்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்பது நூலில் இல்லை. இலையின் மருத்துவ குணத்தைக் காட்டியவரும், எறும்புக்கும் நாகத்திற்கும் உள்ள பகையைப் பற்றிய கதையைச் சொன்னவரும், நாழிகைக் கிண்ணத்தை இயக்கிக் காட்டியவரும் ஊரார் என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோயினர். லண்டனில் கேட்டவர், எழுதியவர், அச்சிட்டவர், மொழிபெயர்த்தவர் ஆகிய அனைவரும் பெயரோடு நிற்க, எலதெத்தவில் விடை சொன்னவர்கள் மட்டும் பெயரற்றவர்களாயினர். அடுத்த இரண்டு நூற்றாண்டுகள் இத்துறையில் நீடித்த பெருங்குறை இதுவே.

தமிழில் இவ்வழக்கம் அச்சு வடிவம் பெற்றது யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷன் 1841 ஜனவரி 7 ஆம் நாள் தொடங்கிய உதயதாரகை, தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த ஏடு. ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்ற மிஷன் பெயர்களைத் தாங்கிய இரு யாழ்ப்பாணத் தமிழர்களே அதன் முதல் ஆசிரியர்கள். சமயப் பரப்புரைக்கு அப்பால் கல்வி, அறிவியல், வேளாண்மை ஆகியவை பற்றிய துணுக்குகளுக்கும் அது இடம் கொடுத்தது. அதற்கு முன்னரே, கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்கள், ஆறுகள், கோயில்கள், மக்கட் பிரிவுகள் ஆகியவற்றை அகரவரிசையில் அடுக்கி 1834 இல் ஆங்கிலத்தில் ஒரு விவரத்திரட்டை வெளியிட்டிருந்தார். தகவல் தருபவராக மட்டுமே கருதப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து, தாமே திரட்டித் தம் பெயரில் வெளியிட்டவர் என்ற வகையில் அவருடைய இடம் மிகப் பெரியது. சென்னையில் 1876 இல் நூலாக வெளிவந்த அட்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் விநோதரசமஞ்சரி, புலவர் கதைகள், உலக வழக்குகள், அறிவுரைகள் ஆகியவற்றை உரைநடையில் கலந்து தந்து, கற்றோரல்லாதாரும் விரும்பிப் படிக்கும் தமிழ் உரைநடைக்கு வழி திறந்தது.

இதற்கிடையே லண்டனில் வில்லியம் ஜோன் தொம்ஸ் என்பவர் 1849 நவம்பரில் தொடங்கிய ஓர் இதழ், இந்தத் தொழிலுக்குத் தனி இலக்கணம் வகுத்தது. வாசகர் ஒரு குறிப்பையோ வினாவையோ அனுப்புவார். அது வெளியிடப்படும். பின்வரும் இதழ்களில் வேறு வாசகர்கள் நூற்சான்றோடு விடை எழுதுவர். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் பொருளகராதி சேர்க்கப்படும். இதழாசிரியர் அறிஞராக இருக்கவேண்டியதில்லை, ஒழுங்குபடுத்துபவராக இருந்தால் போதும் என்பதே அந்த அமைப்பின் புதுமை. இந்தியாவில் ஜேம்ஸ் பேர்ஜஸ் 1872 இல் பம்பாயிலிருந்து வெளியிடத் தொடங்கிய தொல்லியல் இதழிலும், றிச்சட் ரெம்பிள் 1883 இல் பஞ்சாபில் தொடங்கிய வினா–குறிப்பு இதழிலும், வில்லியம் குறுக் 1891 இல் வட இந்தியாவில் தொடங்கியதிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. அவை மூன்றையும் நடத்தியவர்கள் பிரித்தானியர்.

கண்டியில் நிகழ்ந்தது வேறு. சிங்கள அறிஞரான வில்லியம் குணதிலக்க 1884 இல் கண்டியிலிருந்து தி ஓரியன்டலிஸ்ட் என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். கீழைத்தேய இலக்கியம், கலை, அறிவியல், நாட்டார் வழக்காறு ஆகியவை அதன் பொருட்பரப்பு. பத்தாண்டு நிறைவதற்குள் நான்கு தொகுதிகளோடு நின்றுபோன இந்த இதழ், எண்ணிக்கையால் மதிப்பிடத்தக்கதன்று. அதன் ஆசிரியர் தாம் பேசுகின்ற மொழியின் கதைகளையும் பழமொழிகளையும் வழக்கங்களையும் தாமே பதிந்து, இந்தியக் கதைகளோடும் மேலைநாட்டுக் கதைகளோடும் ஒப்பிட்டு, உலக அறிஞர் முன் சமநிலையில் வைத்தார். முன்னர் விடை சொல்பவராக இருந்தவர் இப்போது வினா எழுப்புபவராகவும் ஆனார் என்பதே எலதெத்தவிற்கும் கண்டி அச்சகத்திற்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளின் சாரம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கைக் கிராமக் கதைத் தொகுப்பின் அடிக்குறிப்புகளில் குணதிலக்கவின் இதழ் தொகுதி எண்ணோடும் பக்க எண்ணோடும் திரும்பத்திரும்பச் சுட்டப்படுகிறது. ஒரு கதையின் வேற்று வடிவம் எங்கே யாரால் பதியப்பட்டது என்ற இந்தச் சுட்டுகளே கதையின் பயண வழியைக் காட்டுபவை. சிங்களக் கிராமங்களில் வழங்கும் மகதெனமுத்தா கதைகளில், பானைக்குள் தலை சிக்கிய ஆட்டை விடுவிப்பதற்காக முதலில் ஆட்டின் தலையை வெட்டச்செய்து, பின்னர் பானையையும் உடைக்கச்செய்யும் பேரறிஞரை அறிந்த தமிழர் எவருக்கும் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை நினைவிற்கு வராமற்போகாது. இரண்டுக்கும் உள்ள உறவை வாதத்தால் நிறுவ முடியாது, எந்தக் கதை எந்த ஊரில் எப்போது பதியப்பட்டது என்ற பட்டியலால் மட்டுமே அணுக முடியும். இதே காலத்தில் சிவில் சேவை அலுவலர் ஹியூ நெவில் 1885 முதல் 1888 வரை நடத்திய தப்ரபேனியன் என்ற இதழும் தமிழ், சிங்கள வழக்காறுகளைத் திரட்டியது. ஆனால் அது அச்சானது பம்பாயில்.

கெலிஓயாவிலிருந்து பேராதனை நோக்கிச் சில மைல் சென்றால் வரும் தாவரவியற் பூங்கா, 1821 இல் அவ்விடத்தில் அமைந்த காலம் முதல் இத்தகைய செய்திப் பரிமாற்றத்தின் நிலையமாக விளங்கியது. விதைகளும் உலர்த்திய இலைகளும் கடிதங்களோடு இங்கிலாந்தின் கியூ பூங்காவிற்குச் செல்வதும், அங்கிருந்து பெயரும் விளக்கமும் திரும்பி வருவதும் அன்றாட நடைமுறை. 1869 இல் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைத் தோட்டங்களில் கண்டபோது, பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் இலைகளை இங்கிலாந்திற்கு அனுப்பினார். பூஞ்சண அறிஞரான பாதிரியார் பேர்க்லி அதனைப் புதிய இனமாக இனங்கண்டு, ஹெமிலேயா வஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டு, அதே ஆண்டில் லண்டன் தோட்டக்கலை வார இதழொன்றில் சிறு குறிப்பாக வெளியிட்டார். அழிவு விளைப்பது என்ற பொருளை உள்ளடக்கிய அப்பெயர் பின்னர் மெய்யாயிற்று. 1880 இல் பேராதனைக்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வோட் நோயின் வித்துகள் காற்றில் பரவும் முறையை விளக்கிய வேளையில் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை மீட்க முடியாத நிலையை அடைந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஃபேர்குசன் குடும்பத்தினர் 1881 இல் தொடங்கிய ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சறிஸ்ட் என்ற மாத இதழ், தோட்ட உரிமையாளர்களின் கடிதங்களையும் உலக ஏடுகளிலிருந்து எடுத்த துணுக்குகளையும் திரட்டித் தந்து, கோப்பிக்கு மாற்றாகச் சிங்கோனா, தேயிலை, இறப்பர் ஆகியவற்றை நாடியவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. பிற்காலத்தில் அது பேராதனை விவசாயத் திணைக்களத்தின் வெளியீடாகியது. அதன் பக்கங்களிலும் ஒரு மௌனம் உண்டு. ஒவ்வொரு செடியையும் கையால் தொட்டு, இலையின் நிறமாற்றத்தை நாள்தோறும் கண்ணால் கண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் கண்டது என்ன என்று எவரும் கேட்டுப் பதிந்ததாகத் தெரிவதில்லை.

தமிழில் இச்செய்திப் பெருக்கைக் கண்டிக்குக் கொண்டுவந்தவர் அறிஞர் எம். சீ. சித்திலெப்பை. 1838 இல் கண்டியில் பிறந்து, சட்டத்தரணியாகத் தொழில் புரிந்த அவர், 1882 டிசம்பர் 21 ஆம் நாள் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வார ஏட்டை வெளியிடத் தொடங்கினார். அவ்வாண்டில்தான் எகிப்தில் ஒறாபி பாஷாவின் எழுச்சி பிரித்தானியப் படைகளால் அடக்கப்பட்டது. மறு ஜனவரியில் ஒறாபியும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினர், பின்னர் ஒறாபி கண்டியிலும் வாழ்ந்தார். தொலைதூர நாடொன்றின் அரசியல், மலைநாட்டுத் தமிழ் வாசகரின் அண்டை வீட்டுச் செய்தியாகிய அந்தத் தருணத்தில், அதை விளக்குவதற்கு ஓர் ஏடு ஆயத்தமாக இருந்தது. அக்காலப் பத்திரிகைகள் ஒன்றையொன்று தபாலில் பரிமாறிக்கொண்டு, பிற ஏட்டின் செய்தியை அதன் பெயர் சொல்லி எடுத்தாளும் வழக்கமுடையவை. தந்தியும் கப்பல் தபாலும் கொண்டுவந்த செய்திகளை இவ்வாறு தொகுத்துத் தமிழில் தருவது, வினா–குறிப்பு இதழ்களின் பணிக்கு உடன்பிறந்த பணி. முஸ்லிம் நேசனுக்குத் தென்னிந்தியாவிலும் மலாயாவிலும் வாசகர் இருந்தனர். 1887 இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் வார ஏட்டிற்குச் சிங்கை நேசன் என்று பெயர் அமைந்ததும் அக்காலத் தமிழ் முஸ்லிம் பத்திரிகை உலகின் நெருக்கத்தைக் காட்டுவது. சித்திலெப்பை 1885 இல் எழுதிய அசன்பேயுடைய கதை, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது. கெய்ரோவில் பிறந்த சிறுவன் கடத்தப்பட்டுப் பம்பாய்க்கும் பின்னர் கல்கத்தாவிற்கும் செல்லும் அக்கதையின் நிலப்பரப்பு, அவருடைய ஏட்டின் செய்திப்பரப்போடு ஒத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. கண்டிக்கு 1867 இலும், கெலிஓயா வழியாக நாவலப்பிட்டிக்கு 1874 இலும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டிருந்தமையால், அன்று அச்சான ஒரு தாள் கம்பளைப் பள்ளத்தாக்கின் கடைவீதிகளை விரைவில் எட்டுவதற்குத் தடையொன்றும் இருக்கவில்லை. ஆங்கில ஏடுகள் மலைநாட்டின் விந்தைகளை உலகிற்குச் சொல்லிக்கொண்டிருக்க, உலகின் விந்தைகளை மலைநாட்டிற்குச் சொன்ன பெருமை இத்தமிழ் ஏட்டைச் சேரும். இலங்கை அறிவு வரலாற்றை எழுதுவோர் இதற்குரிய மதிப்பை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.

நூற்றாண்டின் இறுதியில், கண்டி மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றிய ஆச்சிபால்ட் லோறி, மத்திய மாகாணத்தின் ஊர்களைப் பற்றிய விவரத்திரட்டை 1896 இலும் 1898 இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். நீதிமன்றத்தில் காணி வழக்குகளின்போது முன்வைக்கப்பட்ட அரச சாசனங்கள், கோயிற் பதிவுகள், சாட்சியங்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த செய்திகளை, 1871, 1881, 1891 ஆம் ஆண்டுகளின் குடிசன எண்ணிக்கையோடு ஊர் ஊராக அடுக்கியமையால், உடுநுவரவின் சிற்றூர்கள் பலவும் அதில் இடம்பெற்றன. அதே உடுநுவரவில் கெலிஓயாவிற்கு எட்டிய தொலைவில் நிற்கும் இலங்காதிலக விகாரையின் கற்பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. 1344 இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. கம்பளை அரசின் காலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் கொட்றிங்டன் 1933 இல் றோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் எழுதிய நீண்ட கட்டுரையும், இலங்காதிலகச் சாசனங்களைப் பற்றித் தொல்லியலாளர் பரணவிதான 1960 இல் பேராதனையிலிருந்து வெளிவந்த பல்கலைக்கழக இதழில் எழுதியதும் இச்சான்றுகளை ஒழுங்குபடுத்தின. 1915 முதல் ஜோன் செனவிரத்ன ஆசிரியராக இருந்து நடத்திய சிலோன் அன்ரிக்குவறி என்ற காலாண்டிதழிலும் வினா–குறிப்புப் பகுதி இடம்பெற்றது. அதில் இடம்பெற்ற சிறு வினாக்கள் பல, முழுநீளக் கட்டுரைகளைவிட இன்று பயன்படுகின்றன.

இவ்வாறு சிதறிக்கிடந்தவற்றுக்கு வழித்தடம் அமைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழக நூலகர் எச். ஏ. ஐ. குணதிலக்க. 1942 இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின்னர் அங்கு வளர்ந்த நூலகத்தைத் தளமாகக் கொண்டு, இலங்கையைப் பற்றிய நூல்கள், கட்டுரைகள், துணுக்குகள் ஆகியவற்றை எண்ணிட்டு, பொருள்வாரியாக வகுத்து, தேவையான இடங்களில் மதிப்பீட்டுக் குறிப்பும் சேர்த்து, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு செய்தியைத் தேடுபவர் அதே பொருளில் முன்னர் எழுதியவர் யார், அவரை மறுத்தவர் யார், அந்த மறுப்பு எந்த இதழின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை ஒரே இடத்தில் அறிய முடிந்தது. ஓரியன்டலிஸ்ட் இதழின் துணுக்குகளும் தப்ரபேனியனின் குறிப்புகளும் மறதியிலிருந்து மீண்டன. ஆனால் அப்பெருந்தொகுப்பின் எல்லை அதன் துணைத்தலைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது: பதினாறாம் நூற்றாண்டு முதல் மேலை மொழிகளில் வெளியானவை மட்டுமே அதில் அடங்கும். தனியொருவர் தம் வாழ்நாளில் செய்யக்கூடியதன் எல்லை அது. குறை சொல்லத் தக்கதன்று. எனினும், அதன் விளைவாக வில்லியம் குணதிலக்கவின் ஆங்கில இதழில் வந்த ஒரு பழமொழிக்குப் பக்க எண் உண்டு, அதே நகரில், அதே ஆண்டுகளில் அச்சான முஸ்லிம் நேசனின் செய்திகளுக்கு அத்தகைய எண் இல்லை. கண்டி, கம்பளை, மாத்தளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களில் அச்சான தமிழ் ஏடுகளை இதழ்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பட்டியலிட்டு, ஒவ்வொரு செய்தியும் எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது, பின்னர் எந்த ஏட்டிற்குச் சென்றது என்ற விவரத்தோடு தரும் ஒரு நூல், பேராதனையின் தமிழ்த்துறையும் நூலகமும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி; அதற்கு வேண்டிய வகைப்பாட்டு முறையும் எண்ணிடும் முறையும் அந்நூலகரின் ஐந்து தொகுதிகளில் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன.